ஆளுக்கொரு மாதிரி கேட்பார்கள்: சின்ன நெட்வொர்க் சர்வீஸில் அதைச் சமாளிப்பது எப்படி

பத்து பார்ட்டி (வாடிக்கையாளர்) இருக்கும்வரை நெட்வொர்க் சர்வீஸ் ரொம்ப சுகமான தொழில். எந்தக் கடையில் எந்த ரவுட்டர், நெட்வொர்க் சுவிட்ச் எந்த பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது, கேமராவை முதலாளி மட்டும் பார்க்கணுமா மேனேஜரும் பார்க்கணுமா, எல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும். யார் என்ன கேட்டாலும் போய் உட்கார்ந்து செய்து கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். நாற்பதைத் தொட்டதும் அதே தலை நம்மைக் கைவிடும்.

எனக்கு அது ஊர்த் திருவிழா அன்று நடந்தது. ஒரு கிளினிக்கிலிருந்து நெட் மெதுவாக இருக்கிறது என்று போன். நான் ஊரில் இல்லை, நம்மிடம் வேலை பார்க்கும் பையனை அனுப்பினேன். நல்ல பையன், ஒழுங்காகத்தான் பார்த்தான். ரவுட்டரில் கமென்ட் (விளக்கக் குறிப்பு) எதுவும் இல்லாத ஒரு ஃபயர்வால் ரூல் (எது போகலாம், எது கூடாது என்ற விதி) இருந்தது, பழைய குப்பை என்று நினைத்து எடுத்துவிட்டான். ரத்தப் பரிசோதனை மெஷின், பில்லிங் பக்கத்து சர்வருக்கு ரிசல்ட் அனுப்ப அந்த ஒரு ரூல்தான் வழி. இரண்டு வருஷத்துக்கு முன் டாக்டர் கேட்டார் என்று நான் கையால் போட்டது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நான் தேரோட்டக் கூட்டத்துக்கு நடுவில் நின்று போனில் அதைத் திரும்பப் போடச் சொல்வதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. தப்பு பையனுடையது இல்லை.

அன்றைக்குப் புரிந்தது இதுதான். பார்ட்டி கேட்பதைச் செய்து கொடுப்பதால் தொழில் சிக்கலாவதில்லை, செய்து கொடுத்ததை ரவுட்டருக்குள் மட்டும் விட்டுவிட்டு வருவதால் ஆகிறது. ஒவ்வொருவரின் விருப்பமும் ஒரு அட்டவணையில் ஒரு கட்டமாக இருக்க வேண்டும், அந்த அட்டவணையிலிருந்து ரவுட்டர் உருவாக வேண்டும். மீதி எல்லாம் இதற்கான ஏற்பாடுதான், சொல்கிறேன்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஒரு நாள் உட்கார்ந்து எல்லா பார்ட்டிக்கும் இதுவரை செய்து கொடுத்த 'ஸ்பெஷல்' எல்லாவற்றையும் எழுதுங்கள். ரவுட்டரைத் திறந்து பார்த்து எழுதுங்கள், நினைவை நம்பாதீர்கள். எழுதி முடித்தால் ஒரு ஆச்சரியம் இருக்கும். நாற்பது பேரும் நாற்பது விதமாகக் கேட்டதாக நினைத்திருப்போம், பார்த்தால் ஏழெட்டு ஆசைகள்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். வருகிறவர்களுக்குத் தனி வைஃபை. வீட்டிலிருந்து கேமரா. கிளையிலிருந்து தலைமை ஆபீஸ் டாலி கணக்கு. வேலை நேரத்தில் யூடியூப் கூடாது, ஆனால் அக்கவுன்ட்ஸ் மேடத்துக்கு வேண்டும். ஒரு லைன் போனால் இன்னொன்று தானாக வரணும். பயோமெட்ரிக் மெஷின் தலைமை ஆபீஸுக்குப் பேசணும். முதலாளி போனுக்கு மட்டும் வேகக் கட்டுப்பாடு கூடாது (இது எல்லா ஊரிலும் உண்டு). அவ்வளவுதான். வேறுபடுவது எண்களும் பெயர்களும் நேரங்களும் மட்டும்.

ஐபி முகவரியில் ஆரம்பியுங்கள்

ஐபி முகவரி என்பது நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள எண். இதில் கொஞ்சம் அதிகமாகவே நிற்கப் போகிறேன், ஏனென்றால் பின்னால் திருத்துவதற்கு இதைவிட வலிக்கிற விஷயம் எதுவும் கிடையாது. பெட்டியிலிருந்து எடுத்த ரவுட்டர் பெரும்பாலும் 192.168.1.0 அல்லது 192.168.0.0 வரிசையில்தான் வரும். ஒரு கடைக்கு அது போதும். அந்தக் கடை அடுத்த தெருவில் கிளை திறந்து, 'ரெண்டையும் சேர்த்து விடு தம்பி' என்று சொல்லும் நாளில்தான் வினை. இரண்டு பக்கமும் 192.168.1.0 இருந்தால் விபிஎன் (இணையத்தின் வழியே இரண்டு இடத்தை இணைக்கும் தனிப்பாதை) வழியாகப் போக வேண்டிய பாக்கெட்டுக்கு (தகவல் துண்டுக்கு) எந்தப் பக்கம் போவது என்றே தெரியாது. ஒரு பனியன் கம்பெனியில் இதற்காகவே ஒரு சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணி வரை பிரின்டர், டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி), பயோமெட்ரிக் என்று கையால் ஐபி போட்டிருந்த ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து மாற்றியிருக்கிறேன். டிவிஆர் பாஸ்வேர்டு தெரிந்த ஆள் வேலையை விட்டே போயிருந்தார்.

தனியார் உபயோகத்துக்கு என்று ஒதுக்கிய மூன்று வரிசைகளில் 10 என்று தொடங்குவது ரொம்பப் பெரியது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எண் இடத்துக்கு, மூன்றாவது எண் வேலைக்கு. கிளை இருந்தால் கிளைக்குத் தனி எண். எங்கள் கணக்கில் மூன்றாவது எண் 10 ஆபீஸ், 20 பில்லிங், 30 கேமரா, 40 வருகிறவர்கள், 99 நாங்கள் நிர்வகிக்க. இவையே வீலேன் (ஒரே நெட்வொர்க்கைப் பிரித்த தனித்தனிப் பகுதி) எண்களும்கூட, அதனால் இன்னொரு எண்ணை நினைவில் வைக்கத் தேவையில்லை. கையால் ஐபி போடும் சாதனங்கள் கடைசி எண் 99 வரை, டிஎச்சிபி (ரவுட்டர் தானாகக் கொடுக்கும் ஐபி) 100 முதல் 250 வரை. இப்போது போனில் யாராவது '10.37.30.5 வரலை' என்றால் மேலே ஒரு வார்த்தையும் கேட்கத் தேவையில்லை: 37-ஆம் இடம், கேமரா, கையால் போட்டது. நேற்று சேர்ந்த பையனுக்கும் தெரியும்.

இந்தக் கணக்கில் 250 இடம் வரைதான் வரும். அதற்கு மேல் போனால் அது சந்தோஷமான பிரச்சினை, அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அட்டவணையும் அச்சும்

அடுத்து, ஒரு இடத்துக்கு ஒரு வரிசை. எக்செல் போதும், பிறகு வேண்டுமானால் நெட்பாக்ஸ் மாதிரி இதற்கென்றே உள்ள இலவச மென்பொருளுக்குப் போகலாம். 37-ஆம் வரிசை எங்களிடம் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: லைன் இரண்டு, வருகிறவர் வைஃபை உண்டு, ஆளுக்கு 5 எம்பிபிஎஸ், கேமரா வெளியிலிருந்து முதலாளிக்கு மட்டும், விபிஎன் வழி, வீடியோ தளங்கள் காலை 9 முதல் மாலை 6 வரை கிடையாது, விதிவிலக்கு ஒரு கம்ப்யூட்டர், அக்கவுன்ட்ஸ், தகவல் சொல்ல வேண்டியவர் மேனேஜர், முதலாளியை ராத்திரி எழுப்பக் கூடாது.

அச்சு என்று நான் சொல்வது ரவுட்டர் கான்ஃபிகரேஷனின் ஒரே மூலப் பிரதி. அதில் இந்தக் கட்டங்களுக்கு இடம் விட்டிருக்கும், 'உண்டு' என்றால் ஒரு பகுதி சேரும், 'இல்லை' என்றால் சேராது. ஆன்சிபிள் (பல சாதனங்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் மென்பொருள்) தெரிந்தால் அதில் குழுவுக்கு ஒரு மதிப்பும் தனி இடத்துக்கு ஒரு மதிப்பும் கொடுக்கும் வசதி இருக்கிறது, தனி இடத்துக்குக் கொடுத்ததே கடைசியில் ஜெயிக்கும். பள்ளி என்ற குழுவுக்கு வீடியோ தடை, அதில் ஒரு பள்ளிக்கு மட்டும் தடை இல்லை என்று ஒரே வரியில் முடிந்துவிடும். ஆன்சிபிள் தெரியாதா, பைத்தான் மொழியில் முப்பது வரி எழுதினாலும் எக்செல்லைப் படித்து டெக்ஸ்ட் ஃபைலாகத் துப்பிவிடும். நாங்கள் அப்படித்தான் ஒரு வருஷம் ஓட்டினோம், வெட்கப்பட ஒன்றுமில்லை. அட்டவணையையும் அச்சையும் கிட் (git) என்ற, மாற்றங்களைப் பதிவு செய்யும் மென்பொருளில் வைத்தால் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது தானாகப் பதிவாகும். பாஸ்வேர்டுகளை மட்டும் அதில் வைக்காதீர்கள், அவற்றுக்குத் தனிப் பெட்டகம் வேண்டும்.

ரவுட்டருக்குள் போய்க் கையால் மாற்றவே கூடாதா என்றால், கூடாது என்று சட்டம் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். பார்ட்டி தலைக்கு மேல் நின்று கத்தும்போது கையால்தான் மாற்றுவோம். மாற்றிவிட்டு அன்று மாலைக்குள் அட்டவணையில் ஏற்ற வேண்டும், இதுதான் எங்கள் விதி. மறந்தால் பிடிக்க, ராத்திரி எல்லா ரவுட்டர் கான்ஃபிகரேஷனையும் இறக்கி, அச்சிலிருந்து வரவேண்டியதோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருப்பதை மட்டும் காலையில் அனுப்பும் ஒரு ஸ்கிரிப்ட் ஓடுகிறது. முதல் வாரம் அந்த மெயிலைப் பார்த்தால் அழுகை வரும். பிறகு குறைந்துவிடும்.

புதிதாக ஒருவர் இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டால் உடனே அச்சை மாற்ற ஓடாதீர்கள். கையால் செய்யுங்கள், 'கையால்' என்ற கட்டத்தில் என்ன, ஏன், யார் கேட்டது, எதுவரை என்று எழுதுங்கள், ரூலின் கமென்டிலும் அதையே போடுங்கள். இரண்டாவது ஆள் கேட்டாலும் அப்படியே. மூன்றாவது ஆள் கேட்கும்போது அதை அச்சுக்குள் கொண்டுவந்து விடலாம். ஒருவருக்காகவே அச்சில் சேர்த்துக்கொண்டே போனால் கொஞ்ச நாளில் அச்சே படிக்க முடியாத காடாகிவிடும், நான் அந்தக் காட்டிலும் கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டேன்.

வைஃபை: பெயரைக் கூட்டாதீர்கள், ஆளைப் பிரித்துவிடுங்கள்

ஒரு பள்ளியில் போய்ப் பார்த்தால் எட்டு வைஃபை பெயர். பிரின்சிபால், ஸ்டாஃப், ஆபீஸ், லேப், லைப்ரரி, கேமரா, கெஸ்ட், அப்புறம் எதற்கென்று யாருக்கும் தெரியாத ஒன்று. ஆளுக்கேற்ற மாதிரி தருகிறோம் என்று நினைத்து யாரோ ஒவ்வொன்றாகச் சேர்த்தது. ஒரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) தன்னிடம் உள்ள ஒவ்வொரு பெயரையும் சுமார் 102 மில்லி வினாடிக்கு ஒரு தடவை, அதாவது வினாடிக்குக் கிட்டத்தட்ட பத்து தடவை, கூவிக்கொண்டே இருக்கும், அதுவும் பழைய சாதனத்துக்கும் கேட்க வேண்டுமே என்று மிக மெதுவான வேகத்தில். எட்டுப் பெயர், ஒரே சேனலில் ஒன்றுக்கொன்று கேட்கும் தூரத்தில் ஐந்து ஆக்சஸ் பாயின்ட் என்றால் வினாடிக்கு 400 கூவல். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 எம்பிபிஎஸ் வேகத்தை அணைக்காமல் விட்டிருந்தால் ஒரு கூவலுக்கு 2 மில்லி வினாடி என்று வைத்தாலே வினாடியில் பெரும்பகுதி கூவுவதிலேயே தீர்ந்துவிடும். பிறகு லைன் ஸ்லோ என்று இன்டர்நெட் கம்பெனியைத் திட்டி என்ன பயன்?

அங்கே வேலை பார்க்கும் ஆட்களுக்கு ஒரே பெயர் வையுங்கள். உள்ளே நுழையும்போது ஆளுக்கு ஆள் தனிப் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் 802.1எக்ஸ் முறை, பின்னால் அதைச் சரிபார்க்க ஒரு ரேடியஸ் சர்வர். அந்த சர்வர் 'சரி, உள்ளே விடு' என்று சொல்லும்போதே கூட மூன்று மதிப்புகளை அனுப்பலாம்: டனல் டைப் 13, டனல் மீடியம் டைப் 6, டனல் பிரைவேட் குரூப் ஐடி என்பதில் வீலேன் எண் (முதல் இரண்டும் இது வீலேன் என்று சொல்ல, மூன்றாவது எந்த வீலேன் என்று சொல்ல). பிரின்சிபால் நுழைந்தால் 10-க்கும் லேப் ஆசிரியர் நுழைந்தால் வேறொன்றுக்கும் தானாகப் போய்விடுவார்கள். ஐநூறு பேர் வந்தாலும் காற்றில் பெயர் ஒன்றுதான். பிரின்டர், டிவி மாதிரி இந்த முறை தெரியாத சாதனங்களுக்கு ஒரு பெயர், வருகிறவர்களுக்கு ஒரு பெயர். மொத்தம் மூன்று. நான்காவது கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதில் நான் அடிபட்டிருக்கிறேன். ஆண்ட்ராய்டு 11 காலத்திலிருந்து பல போன்களில் சர்டிஃபிகேட்டை (சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றை) சரிபார்க்காமல் விடும் தேர்வை எடுத்துவிட்டார்கள். அந்த சர்வரின் டொமைன் பெயரைக் கேட்கும். அதை எப்படி நிரப்புவது என்று ஒரு பக்கம் தமிழில், படத்தோடு, அச்சடித்து ஸ்டாஃப் ரூமில் ஒட்டாமல் 802.1எக்ஸை இயக்காதீர்கள். திங்கட்கிழமை காலை ஐம்பது ஆசிரியர்கள் போனை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

வீடுகளுக்கு லைன் கொடுப்பவர்களுக்கும் இதே ரேடியஸ்தான் கைகொடுக்கும். பிளானின் வேகம் குழுவில் இருக்கட்டும், தனி ஆளுக்குச் சலுகை கொடுத்தால் அந்த ஆளின் பெயரில் மட்டும் ஒரு வரி. ரவுட்டரில் ஆளுக்கொரு கியூ (வேகக் கட்டுப்பாட்டு வரி) எழுதி வைத்திருந்தால் இன்றே அதை நிறுத்துங்கள்.

ஒரே தட்டலில் நூறு இடம், ஒரே தப்பில் நூறு இடம்

அச்சு வந்தபிறகு ஒரு போதை வரும். ஒரு வரியை மாற்றி எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்பலாமே என்று. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போனது நினைவிருக்கும். வழக்கமான பராமரிப்பில் கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுப்பதற்கென்றே வைத்திருந்த கருவியிலும் ஒரு பிழை. அவர்களுக்கே அப்படியென்றால் நம் முப்பது வரி பைத்தானுக்குச் சொல்லவே வேண்டாம்.

எங்கள் வரிசை: முதலில் எங்கள் ஆபீஸ். அப்புறம், நெட் பத்து நிமிஷம் போனாலும் சிரித்துக்கொண்டே போன் செய்யும் இரண்டு பார்ட்டி. ஒரு நாள் காத்திருந்து, பிறகு பத்துப் பத்தாக. ஒவ்வொரு பெட்டியிலும் தானாகப் பின்வாங்கும் வசதி எது என்று தெரிந்து வைத்திருங்கள். மைக்ரோடிக் ரவுட்டரில் கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தினால் சேஃப் மோடு வரும், அதற்குள் செய்த மாற்றத்தால் நம் தொடர்பே அறுந்தால் சுமார் ஒன்பது நிமிஷத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் அது கடைசி நூறு செயல்களைத்தான் நினைவில் வைக்கும், பெரிய ஸ்கிரிப்டை அதற்குள் கொட்டாதீர்கள். ஜுனிப்பர் ரவுட்டரில் கமிட் கன்ஃபர்ம்டு என்ற கட்டளை, பத்து நிமிஷத்தில் நாம் உறுதி செய்யாவிட்டால் திரும்பிவிடும். சிஸ்கோ ரவுட்டரில் ரிலோட் இன் 10 (பத்து நிமிஷத்தில் பெட்டி தானாக ரீபூட் ஆகி, சேமித்த பழைய நிலைக்குத் திரும்பும்) என்று போட்டுவிட்டு, சேமிக்காமல் வேலை பார்த்து, எல்லாம் சரியென்றால் ரிலோடை ரத்து செய்து சேமிக்க வேண்டும். ரத்து செய்ய மறந்து, நடுக்கடையில் பில்லிங் ஓடும்போது பெட்டி தானாக ரீபூட் ஆன கதையும் உண்டு, அது யாருடைய கதை என்று கேட்காதீர்கள்.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் வருகிறது. 'தொடக்கூடாத நாள்' என்று அட்டவணையில் ஒரு கட்டம். ஜவுளிக்கடைக்கு ஆடித் தள்ளுபடியும் தீபாவளிக்கு முந்தின மாதமும். பள்ளிக்குப் பரீட்சைக் காலம். கிளினிக்குக் காலை நேரம். பனியன் கம்பெனிக்கு ஷிப்மென்ட் நாள், அதை மேனேஜர் மாதம் ஒருமுறை சொல்லிவிடுவார். ஆடிட்டருக்கு ஜூலை, செப்டம்பர் கடைசி வாரங்கள். ஸ்கிரிப்ட் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போகும். எழுத ஐந்து நிமிஷம்தான் ஆனது, ஆனால் 'நம்ம கடையைப் பத்தி இவனுக்குத் தெரியும்' என்று ஒரு முதலாளியைச் சொல்ல வைத்தது இதுவரை நான் போட்ட எந்த ஃபயர்வாலும் இல்லை, இந்தக் கட்டம்தான்.

முடியாது என்று சொல்ல வேண்டியவை

"தம்பி, போன ஆளு போர்ட் ஃபார்வேர்டு போட்டுக் குடுத்தாருங்களே, நீங்க ஏன் மாட்டேங்கறீங்க?"

கேமராவுக்காக இந்தக் கேள்வி வாரம் ஒருமுறையாவது வரும். போர்ட் ஃபார்வேர்டு என்றால் வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் நேராகக் கேமராவுக்கு விடும் கதவு. 2016-இல் மிராய் என்ற வைரஸ், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்து, அவற்றை வைத்தே இணையத்தின் பெரிய தளங்களைத் திணறடித்தது. இதை முதலாளியிடம் சொன்னால் கொட்டாவி விடுவார். "அண்ணா, உங்க கடைக் கல்லாவை ஊரே பார்க்கும்ங்கண்ணா" என்றால் நிமிர்ந்து உட்காருவார். உடனே மாற்று வழியைக் கையில் கொடுக்க வேண்டும், வெறும் மறுப்போடு எழுந்து வரக் கூடாது. அவர் போனில் வயர்கார்ட் என்ற விபிஎன் ஆப், ஒரு கியூஆர் கோடு, ஸ்கேன் செய்தால் முடிந்தது. அட்டவணையில் 'கேமரா வெளியே' என்ற கட்டத்தில் ஒரு பெயர் கூடுகிறது, அவ்வளவே.

லைனில் சொந்தப் பொது ஐபி (வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய முகவரி) இல்லாமல் 100.64 முதல் 100.127 வரைக்குள் ஒரு முகவரி வந்திருந்தால் போர்ட் ஃபார்வேர்டு எப்படியும் வேலை செய்யாது. வெளியே ஒரு சின்ன கிளவுட் சர்வர் வாடகைக்கு எடுத்து, எல்லா இடத்து ரவுட்டரும் அதற்கு வயர்கார்டில் பேசட்டும், பெர்சிஸ்டன்ட் கீப்பலைவ் (விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும் அமைப்பு) 25 வினாடி வைத்தால் தொடர்பு தூங்காது. 10-இல் தொடங்கும் எண் திட்டத்தை ஆரம்பத்திலேயே ஒழுங்காகப் போட்டதன் பலன் இங்கே தெரியும், எந்த இரண்டு இடமும் மோதாது. ஆனால் ஒரு பார்ட்டியின் போன் இன்னொரு பார்ட்டியின் பக்கம் எட்டிப் பார்க்க முடியாதபடி அந்த சர்வரிலேயே தடுப்பு போடுங்கள். இதை மறந்தால் தொழிலே போய்விடும்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அச்சில் உள்ளதற்கு வருஷ ஏஎம்சி (பராமரிப்பு ஒப்பந்தத் தொகை). அச்சில் உள்ள கூடுதல் வசதிக்கு ஒரு சின்னத் தொகை. 'கையால்' கட்டத்தில் ஏறும் எதற்கும் வருஷா வருஷம் தனித் தொகை, ஒருமுறைக் கூலி கிடையாது, ஏனென்றால் அதை ஒவ்வொரு வருஷமும் நினைவில் வைத்துக் காப்பாற்றுவது நாம்தான். விலையைச் சொன்னதும் பாதிப் பேர் 'அப்ப வேண்டாம் விடு' என்பார்கள். புதுப்பிக்கும் சமயத்தில் அந்த ரூலை எத்தனை பாக்கெட் தொட்டிருக்கிறது என்று கவுன்ட்டரைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் கேட்டுவிட்டு எடுக்கலாம். ரவுட்டர் நேற்று ரீபூட் ஆகியிருந்தால் கவுன்ட்டரும் பூஜ்யம்தான் காட்டும், அப்டைம், அதாவது கடைசி ரீபூட்டுக்குப் பின் ஓடிய நேரம், எவ்வளவு என்று முதலில் பாருங்கள்; வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஆடிட்டுக்காக மட்டும் ஓடும் ரூலும் இருக்கும். எடுப்பதற்கு முன் ஒரு மாதம் டிசேபிள் செய்து வைப்பதே மேல்.

பழையவர்களை எப்படி மாற்றுவது

ஒரே மாதத்தில் எல்லாரையும் மாற்றப் பார்க்காதீர்கள். புதிதாக வருகிறவர் முதல் நாளிலிருந்தே அச்சுக்குள் வரட்டும். பழையவரை, ரவுட்டர் கெட்டுப்போய் மாற்றும்போது, ஆபீஸ் இடம் மாறும்போது, அல்லது பெரிய கோளாறுக்காக எப்படியும் அரைநாள் அங்கே உட்காரும்போது மாற்றுங்கள். எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. இன்னும் நான்கு வரிசை சிவப்பில் 'கையால்' என்றே நிற்கிறது. அதில் ஒன்று ஒரு ரைஸ் மில், எடைமேடைக் கம்ப்யூட்டர் ரொம்பப் பழையது, ஐபியைத் தொட்டால் எடை மென்பொருளின் லைசென்ஸ் போய்விடும் என்கிறார்கள், போட்டுக் கொடுத்த கம்பெனி இப்போது இல்லை. அந்த வரிசையில் எதுவும் மாற்ற வேண்டாம், முதலில் எனக்குப் போன் செய் என்று பையனுக்கு எழுதி வைத்திருக்கிறேன்.